லுவார் ஆற்றோரம் ஆறு நாள்: பிரான்ஸில் முதன்முறை சைக்கிள் பயணம் போகிறவர்களுக்கு

ஒரு திங்கட்கிழமை, மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். லுவார் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊருக்குள் நுழைந்தேன். காலையிலிருந்து 35 கிலோமீட்டர் மிதித்திருந்தேன். கால் வலிக்கவில்லை, வயிறுதான் கூப்பாடு போட்டது. ரொட்டிக்கடைக் கதவில் ‘திங்கள் விடுமுறை’ என்று ஒரு சீட்டு. எதிரே இருந்த உணவகத்தில் நாற்காலிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். “இப்போதுதானே அடுப்பை அணைத்தோம்” என்று அந்த அம்மா வருத்தத்தோடுதான் சொன்னார். மளிகைக்கடை நான்கு மணிக்குமேல்தான் திறக்குமாம். அன்றைக்கு என் மதியச் சாப்பாடு, பையின் அடியில் நொறுங்கிக் கிடந்த அரைப் பாக்கெட் பிஸ்கட்.

பிரான்ஸின் நாட்டுப்புறத்தில் சைக்கிள் ஓட்டக் காலில் பெரிய பலம் வேண்டாம். அந்த ஊர்கள் எப்போது கடை திறக்கும், எப்போது கதவைச் சாத்தும் என்பது தெரிந்தால் போதும், பாதிக் கஷ்டம் போய்விடும். இந்த வழிகாட்டியில் சாமான் பட்டியலைவிட நேரம் பற்றிய பேச்சு கூடுதலாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

எந்த வழி

பிரான்ஸில் சமதளமான சைக்கிள் வழிகள் நிறைய உண்டு. பர்கண்டி பகுதியில் கால்வாய்க் கரைகளை ஒட்டியே நாள் கணக்கில் போகலாம். அங்கேயே க்ளுனி பக்கம் பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். எல்லாமே அழகுதான். ஆனாலும் முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது லுவார்தான். முக்கியமான காரணம் ரயில். புளுவா, அம்புவாஸ், தூர், லான்ஜே, சோமூர் என்று ஆற்றோரத்து ஊர்கள் பலவும் ஒரே ரயில் தடத்தில் வருகின்றன. மழை பிடித்துக்கொண்டால், முழங்கால் மக்கர் பண்ணினால், கூட வந்தவர் முகம் தூக்கிக்கொண்டால், அடுத்த நிலையத்தில் ஏறி இரண்டு ஊர் தள்ளி இறங்கிக்கொள்ளலாம். புதிதாகக் கிளம்புகிறவருக்கு இதைவிடப் பெரிய தைரியம் கிடையாது.

லுவார் பிரான்ஸின் மிக நீளமான ஆறு. ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதை ஒட்டி ‘லுவார் ஆ வேலோ’ என்ற பெயரில் சுமார் 900 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் வழி இருக்கிறது. ‘வேலோ’ என்றால் சைக்கிள். நெவேர் நகரத்துக்குப் பக்கத்தில் தொடங்கி அட்லாண்டிக் கடலோரத்தில் சான் ப்ரெவானில் முடிகிறது. அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை ஐரோப்பாவைக் கடந்து போகும் ‘யூரோவேலோ 6’ என்ற நெடும்பாதையும் இங்கே இதே கரையில்தான் வருகிறது. நீல நிறப் பலகை, மஞ்சள் நட்சத்திர வட்டம், நடுவில் 6: அதைப் பார்த்தால் சரியான வழியில்தான் இருக்கிறீர்கள்.

நான் சொல்லப்போகும் துண்டு புளுவாவிலிருந்து சோமூர் வரை. ஷாம்போர் கோட்டைக்குப் போய்வருவதையும் சேர்த்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர், ஆறு நாள். யுனெஸ்கோ 2000-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பள்ளத்தாக்குக்குள்ளேயே முழுத் தூரமும் வந்துவிடுகிறது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது முழுக்கத் தனிச் சைக்கிள் பாதை இல்லை. கொஞ்ச தூரம் வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய உயர்ந்த கரையின் மேல் போகும். கொஞ்ச தூரம் திராட்சைத் தோட்டத்து மண் வழி. கொஞ்ச தூரம் ஊர்த் தெரு. இடையிடையே கார்கள் அபூர்வமாக வரும் சின்னத் தார்ச் சாலை. படத்தில் பார்ப்பதுபோல எல்லா இடமும் இருக்காது. ஷினோனுக்கு வடக்கே அவுவான் என்ற ஊரில் அணுமின் நிலையம் ஒன்று ஆற்றோரம் உட்கார்ந்திருக்கிறது. கோட்டைக் கோபுரம் பார்க்க வந்த இடத்தில் அதுவும் சேர்ந்தே கண்ணில் படும்.

எந்த மாதம், எந்தப் பக்கம்

மே, ஜூன், செப்டம்பர். இந்த மூன்றில் எனக்குப் பிடித்தது ஜூன். இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், அதனால் வழி தவறினாலும் பதற்றம் வராது. செப்டம்பரில் திராட்சை அறுவடை தொடங்கும், கூட்டமும் குறைந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் சில நாள்கள் 35 டிகிரியைத் தாண்டும். நமக்கு 35 டிகிரி புதிதா என்று கேட்கலாம். நிழலில்லாத ஆற்றுக்கரை மேட்டில் பகல் முழுக்க மிதித்துப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும். மே மாதத்தில் வேறொரு சிக்கல். 1, 8 தேதிகள் விடுமுறை, பெரும்பாலும் விண்ணேற்றத் திருநாளும் அந்த மாதத்தில்தான் வரும். நடுவில் ஒரு நாள் லீவு போட்டு நான்கு நாள் வாரக்கடைசியாக்கிவிடுவார்கள். அந்த நாள்களில் அறை கிடைப்பது கஷ்டம்.

திசை விஷயத்தில் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஆறு மேற்கே ஓடுகிறது, அதனால் ஆற்றோடு போனால் இறக்கம், சுலபம் என்று நினைப்பு. அந்த இறக்கம் கண்ணுக்கே தெரியாது. புளுவாவுக்கும் சோமூருக்கும் உயர வித்தியாசம் சில பத்து மீட்டர்தான். காற்றுதான் உண்மையான மேடு. அங்கே அது பெரும்பாலும் மேற்கிலிருந்து, கடல் பக்கமிருந்து வீசும். ஆற்றோடு போனால் எதிர்க்காற்று. ஆகவே கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு வானிலையைப் பாருங்கள். வாரம் முழுக்கப் பலத்த மேற்குக் காற்று என்றால், ரயிலில் சோமூருக்குப் போய் அங்கிருந்து புளுவாவை நோக்கி ஓட்டுங்கள். இதமான காற்றுதான் என்றால், நான் சொல்லும் வரிசையே நல்லது. ஏன் என்பது முதல் நாளில் தெரியும்.

சைக்கிளும் பையும்

இங்கிருந்து சைக்கிளைப் பெட்டி கட்டி விமானத்தில் ஏற்றிக்கொண்டு போவது முதல் பயணத்துக்குத் தேவையில்லாத தலைவலி. புளுவா, தூர் போன்ற ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கும். ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் விட்டுவிடும் வசதி தரும் கடைகளும் உண்டு. அதை முன்பதிவின்போதே கேட்டு வாங்குங்கள். பந்தயச் சைக்கிள் வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிள், 35 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயர், மட்கார்டு, பின்னால் கேரியர்: இவ்வளவுதான். மின் சைக்கிள் எடுத்தால் கௌரவக் குறைச்சல் இல்லை, ஆனால் ராத்திரி சார்ஜ் போட இடம் உண்டா என்று விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையிலிருந்து கிளம்பும் முன் ஐந்து விஷயம் பாருங்கள்: சீட்டு உயரம், இரண்டு பிரேக், கியர் மாறுகிறதா, விளக்கு எரிகிறதா, பெல் அடிக்கிறதா. பெடல் கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட நீண்டு, முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் சீட்டு சரியான உயரத்தில் இருக்கிறது. கால் இரண்டையும் தரையில் முழுதாக ஊன்றும்படி சீட்டைத் தாழ்த்துவது நம் பழக்கம். அப்படியே 40 கிலோமீட்டர் போனால் மறுநாள் முழங்கால் பேசும்.

பிரேக்கில் ஒரு பொறி இருக்கிறது. நம்ம ஊர் சைக்கிளில் வலது கைப் பிரேக் முன் சக்கரத்துக்கு, இடது கை பின் சக்கரத்துக்கு. பிரான்ஸில் அப்படியே தலைகீழ். இடது கைதான் முன் சக்கரம். எனக்கு இது ஓர் இறக்கத்தில் தெரிந்தது. பின் பிரேக் என்று நினைத்து இடது கையை இறுக்கினேன், பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. விழவில்லை, ஆனால் நெஞ்சு ரொம்ப நேரம் அடித்துக்கொண்டது. காலியான தெருவில் பத்து நிமிடம் இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பழகிக்கொள்ளுங்கள்.

சாமான் பத்துக் கிலோவைத் தாண்ட வேண்டாம். கேரியரின் இரு பக்கமும் தொங்கும் பைகள்தான் சரி. முதுகில் மாட்டும் பை வியர்வையையும் தோள்வலியையும் மட்டுமே தரும். ஓட்டும்போது போட இரண்டு ஜோடி உடை, மாலையில் போட ஒரு ஜோடி, மழைச் சட்டை, ஒரு கம்பளிச் சட்டை. உதிரி ட்யூப் இரண்டு, டயர் கழற்றும் நெம்புகோல், சின்னப் பம்ப், ஸ்பேனர் செட். பஞ்சர் ஒட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ட்யூப் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டுப் போங்கள். நடு ஊரில் கடை தேடினால், திங்கட்கிழமையாக இருந்தால், என் கதைதான். நம்ம ஊர் பெரிய மூன்று முள் ப்ளக் அங்கே நுழையாது. மெல்லிய இரண்டு முள் ப்ளக் போதும்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். காப்பீடு எடுக்கும்போதே சைக்கிள் ஓட்டுவதும் அதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள்.

ஊரின் கடிகாரம்

இனி முக்கியமான பகுதி.

காலை ஏழு, ஏழரைக்கு ரொட்டிக்கடை திறந்துவிடும். ‘பூலான்ஜெரி’ என்று எழுதியிருக்கும் அந்தக் கடைதான் உங்கள் பயணத்தின் அச்சாணி. விடுதியில் காலைச் சாப்பாடு முடித்தாலும் ரொட்டிக்கடையில் நின்று மதியத்துக்கும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். “அடுத்த ஊரில் வாங்கலாம்” என்ற நினைப்புதான் பட்டினி போடும். அடுத்த ஊரில் கடையே இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் வாரத்தில் ஒரு நாள் மூடுவார்கள், பல இடங்களில் அது திங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் சின்ன ஊர்களில் ஈ காக்கை இருக்காது. ஆகவே சனிக்கிழமை மாலையே ஞாயிறு, திங்கள் இரண்டு நாளைக்கும் வழி செய்துகொள்ள வேண்டும்.

உணவகத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டு முதல் இரண்டு வரை. ஒன்றே கால் மணிக்குள் உட்கார்ந்துவிட்டால் நிம்மதி. ஒன்றே முக்காலுக்கு நுழைந்தால் மறுத்தாலும் மறுக்கலாம். இரண்டுக்குமேல் கேட்பதே வீண். இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்கு முன் தொடங்காது. சின்னக் கடைகள், தபால் நிலையம், சுற்றுலா அலுவலகம் எல்லாமே மதியம் சாத்திவிடுவது சாதாரணம். எனவே நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: காலை எட்டரைக்குக் கிளம்பி, பன்னிரண்டுக்குள் முக்கால்வாசித் தூரத்தை முடித்துவிடுங்கள். ஊரே சாப்பிடும் நேரத்தில் நீங்களும் சாப்பிடுங்கள். மீதியை மெதுவாக ஓட்டி நான்கு, ஐந்துக்கு விடுதி சேருங்கள். நாளொன்றுக்கு 30 முதல் 45 கிலோமீட்டர் என்று நான் சொல்வது இந்தக் கணக்கில்தான். 70 கிலோமீட்டர் உங்களால் முடியும், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 70-க்குள் எந்தக் கோட்டையும் எந்தச் சாப்பாடும் பொருந்தாது.

கடையில் நுழைந்ததும் முதலில் ‘பொன்ஜூர்’. கேள்வி அதற்கப்புறம்தான். பொன்ஜூர் சொல்லாமல் நேராக “தண்ணீர் கிடைக்குமா” என்று கேட்டால் அங்கே அது மரியாதைக் குறைவு. சொல்லிவிட்டால் அதே ஆள் பாட்டிலை வாங்கி உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வருவார்.

தண்ணீர் என்றதும் ஒரு ரகசியம். ஊருக்கு வெளியே இருக்கும் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிக்கு ஊற்ற ஒரு குழாய் கட்டாயம் இருக்கும். அங்கத்திய சைக்கிள்காரர்கள் எல்லாரும் அங்கேதான் பாட்டில் நிரப்புவார்கள். முதல் தடவை எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. ‘நோன் பொத்தாப்ல்’ என்ற பலகை இருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது. உணவகத்தில் ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் குடுவையில் இலவசமாக வரும். பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சைவக்காரர்களுக்கு: நாட்டுப்புறத்தில் சாலட் என்று சொன்னாலே அதில் பன்றிக்கறித் துணுக்கு தூவிவிடுவார்கள், அதை அவர்கள் கறிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ‘லார்தோன்’ என்று பட்டியலில் இருந்தால் அதுதான். வாய்விட்டுக் கேளுங்கள். நான் பார்த்தவரை மதியத்துக்கு ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், தக்காளி, பழம் என்று ஆற்றோரம் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் சைவத்துக்குச் சிறந்த வழி. அந்தப் பகுதியின் ‘சான்த் மோர்’ சீஸ் நீள உருளையாக, மேலே சாம்பல் பூசி, நடுவில் ஒரு வைக்கோல் குச்சி செருகி வரும். சீஸில் கன்றின் வயிற்று நொதி சேர்ப்பது வழக்கம். அதுவும் கூடாது என்பவர்கள் கவனிக்க. பாரிஸ் வழியாக வந்தால் லா ஷப்பேல் பக்கம் தமிழ்க் கடைகளில் சின்னப் பாட்டில் ஊறுகாய் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டுப்பால் சீஸும் எலுமிச்சை ஊறுகாயும் நல்ல ஜோடி. பிரெஞ்சுக்காரர் முன்னால் மட்டும் சாப்பிடாதீர்கள்.

தங்க இடம் தேடும்போது ‘அக்கேய் வேலோ’ என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். சைக்கிள் வழியிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பது, சைக்கிளைப் பூட்டி வைக்க இடம், பழுது பார்க்கச் சாமான் ஆகியவை இருந்தால்தான் அந்த முத்திரை கிடைக்கும். பெரிய ஹோட்டலைவிட, ‘ஷாம்ப்ர் தோத்’ என்னும் வீட்டு விடுதி எனக்குப் பிடிக்கும். சில வீடுகளில் முன்கூட்டிச் சொன்னால் இரவுச் சாப்பாடும் குடும்பத்தோடு ஒரே மேசையில் கிடைக்கும். கடை மூடியிருக்கும் ஞாயிறு இரவுக்கு அப்படி ஓர் இடத்தைப் பிடித்து வையுங்கள்.

சாலை விதிகள், சுருக்கமாக

வலது பக்கம் ஓட்ட வேண்டும். ஓய்வெடுத்துவிட்டுக் காலிச் சாலையில் திரும்ப ஏறும்போதுதான் பழைய பழக்கம் இடதுக்கு இழுக்கும். குறுக்குச் சந்தில் எந்தப் பலகையும் இல்லையென்றால் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை, அது எவ்வளவு சின்னச் சந்தாக இருந்தாலும். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டினால் 135 யூரோ அபராதம். ஊருக்கு வெளியே இரவிலும் மங்கலான வெளிச்சத்திலும் பளிச்சிடும் மேல்சட்டை கட்டாயம். 12 வயதுக்குக் கீழே ஹெல்மெட் கட்டாயம். பெரியவர்களுக்குச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, நான் போடச் சொல்கிறேன். திராட்சைத் தோட்டங்களில் ஒயின் சுவைக்கக் கூப்பிடுவார்கள். கார் ஓட்டிக்கு உள்ள லிட்டருக்கு 0.5 கிராம் வரம்பு சைக்கிளுக்கும் உண்டு. ருசித்துவிட்டுத் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள், கூச்சப்பட வேண்டாம். ஒருவழித் தெருப் பலகைக்குக் கீழே ‘ஸோஃப் வேலோ’ என்று இருந்தால் சைக்கிள் எதிர்த்திசையிலும் போகலாம். அவசரத்துக்கு 112.

ஆற்றில் இறங்காதீர்கள். மணல் திட்டுகளைப் பார்த்தால் கால் நனைக்கத் தோன்றும். மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீருக்கு அடியில் மணல் நகர்ந்துகொண்டிருக்கும், இழுப்பும் இருக்கும். கோடையில் அந்தத் திட்டுகளில் ஆலாப் பறவைகள் முட்டையிடுகின்றன என்பது இன்னொரு காரணம்.

நாள்வாரியாக

முதல் நாள் சாமான் வேண்டாம். பைகளைப் புளுவா விடுதியிலேயே விட்டுவிட்டு, வெறும் சைக்கிளோடு ஷாம்போர் கோட்டைக்குப் போய்த் திரும்புங்கள். போக வர 40 கிலோமீட்டர் அளவு. சீட்டு சரியில்லையா, கியர் கரகரக்கிறதா, எல்லாம் இன்றைக்கே தெரிந்துவிடும். மாலையில் கடைக்காரரிடம் சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம். புளுவாவிலிருந்து தொடங்கச் சொன்னது இதற்குத்தான். ஷாம்போர், மன்னர் முதலாம் ஃபிரான்சுவா 1519-இல் கட்டத் தொடங்கியது. அதன் நடுவில் இரட்டைச் சுருள் படிக்கட்டு ஒன்று உண்டு. ஒருவர் ஏறலாம், ஒருவர் இறங்கலாம், இருவரும் ஒருவரையொருவர் எதிர்ப்பட மாட்டார்கள். கோட்டையைச் சுற்றியுள்ள காட்டுக்கு 32 கிலோமீட்டர் நீள மதில். காலையில் சீக்கிரம் போனால் மான் கூட்டம் கண்ணில் படலாம்.

இரண்டாம் நாள் புளுவாவிலிருந்து அம்புவாஸ், 45 கிலோமீட்டர் அளவு. ஆறு நாளில் இதுதான் நீளமானது, ஷோமோனைத் தாண்டி மேட்டு நிலத்தில் சின்ன ஏற்றங்களும் உண்டு. சுமையோடு முதல் நாள் என்பதால் வேகம் பார்க்காதீர்கள். ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது தோல்வி இல்லை. சைக்கிள் சுற்றுலாவின் முன்னோடி என்று பிரெஞ்சுக்காரர்கள் கொண்டாடும் போல் த விவி என்பவர் (1853–1930), ‘வெலோசியோ’ என்பது அவர் புனைபெயர், புதியவர்களுக்குச் சொன்ன அறிவுரைகள் இன்றும் செல்லும்: பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி, வீம்புக்காக மிதிக்காதே.

மூன்றாம் நாள் காலையை அம்புவாஸுக்கே கொடுத்துவிடுங்கள். மன்னரின் அழைப்பில் 1516-இல் வந்த லியோனார்டோ டா வின்சி தங்கியிருந்த க்ளோ லூசே மாளிகை அங்கேதான். 1519 மே 2-ஆம் தேதி அங்கேயே இறந்தார். ஷாம்போர் வேலை தொடங்கியது அதே ஆண்டு என்பதால், நேற்று முன்தினம் பார்த்த படிக்கட்டில் அவர் கை உண்டு என்று நம்புகிறவர்கள் பலர். மதியச் சாப்பாட்டுக்கப்புறம் தூர் நகரம், 30 கிலோமீட்டருக்குள். பெயர்தான் தூர், தூரமில்லை. ஆற்றோரப் பழைய சுவர்களில் கோடு கிழித்து 1846, 1856, 1866 என்று ஆண்டு செதுக்கியிருப்பதைக் கண்டால் நின்று பாருங்கள். பெருவெள்ளம் வந்த ஆண்டுகள் அவை, அந்தக் கோடு தண்ணீர் ஏறி நின்ற உயரம். சில இடங்களில் கோடு நம் தலைக்கு மேலே இருக்கும். நீங்கள் சைக்கிள் மிதிக்கும் அந்த உயர்ந்த கரை எதற்கு என்று அப்போது புரியும்.

நான்காம் நாள் ஷேர் ஆற்றை ஒட்டி வில்லான்ட்ரி, 20 கிலோமீட்டர்தான். குறைவாக வைத்தது வேண்டுமென்றே. வில்லான்ட்ரியின் காய்கறித் தோட்டம் ஒன்பது சதுரங்களாகப் பிரித்துக் கோலம் போட்டதுபோல் இருக்கும். புள்ளிக்குப் பதில் முட்டைக்கோஸ், பூசணி, லீக். 1906-இல் அந்த மாளிகையை வாங்கிய ஹோவாகிம் கர்வாயோ என்பவர் பழைய முறைப்படி மீட்டெடுத்தது. மேல்தளத்திலிருந்து பார்த்தால்தான் வடிவம் முழுதாகத் தெரியும், ஏறாமல் திரும்பாதீர்கள்.

ஐந்தாம் நாள், உசே கோட்டை வழியாக ஷினோன், 40 கிலோமீட்டர் அளவு. என் கணக்கில் இந்த ஆறு நாளில் மிதிக்க இதமான நாள் இதுதான். பிரெஹெமோன் பக்கம் கரையின் மேல் போகும்போது ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் தாழ்வான வயல், எதிரே கொக்கைத் தவிர ஆளில்லை. காற்று எதிர்த்தால் மட்டும் கொடுமை. மறைய ஒரு மரம் கூட இருக்காது. ஷினோன் கோட்டையில்தான் 1429-இல் ஜோன் ஆஃப் ஆர்க் ஏழாம் சார்லஸைச் சந்தித்தாள். கோட்டை ஊருக்கு மேலே மலையில் இருக்கிறது. சைக்கிளைக் கீழேயே பூட்டிவிட்டு நடந்து ஏறுங்கள்.

ஆறாம் நாள் சோமூர், 35 கிலோமீட்டருக்குள். வியென் ஆறு லுவாரில் கலக்கும் இடத்தில் கான்ட் சான் மார்த்தான் என்ற கல் வீட்டுக் கிராமம். தூர் நகரத்து ஆயரான புனித மார்ட்டின் 397-இல் இறந்தது இங்கே. தேவாலயத்துக்குப் பின்னால் மேட்டில் ஏறினால் இரண்டு ஆறும் சேர்வது தெரியும். பக்கத்து ஊரான மோன்சோரோவிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே போனால் ஃபோன்தவ்ரோ மடாலயம். இங்கிலாந்து மன்னர்கள் இரண்டாம் ஹென்றிக்கும் சிங்க இதய ரிச்சர்டுக்கும் அங்கே கல்லறைச் சிற்பங்கள் உள்ளன. கொஞ்சம் ஏற்றம்தான், வலு இருந்தால் போங்கள்.

அதற்குப் பிறகு சோமூர் வரை வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பாறை கூடவே வரும். கோட்டைகள் கட்ட வெட்டி எடுத்த கல் அது. வெட்டிய பள்ளங்களில் ஜனங்கள் குடியேறினார்கள், ஒயின் வைத்தார்கள், காளான் வளர்த்தார்கள், இன்றும் வளர்க்கிறார்கள். இந்தக் குகைகள் சிலவற்றில் உணவகம் நடக்கிறது. அங்கே ‘ஃபுவே’ கேளுங்கள். விறகடுப்பில் வைத்ததும் பூரி மாதிரி உப்பி வரும் குட்டி ரொட்டி. சூட்டோடு கிழித்து உள்ளே வெள்ளை மொச்சை போன்ற பீன்ஸ், காளான், சீஸ் அடைத்துச் சாப்பிடுவது. கறி அடைத்த ஃபுவேயும் தருவார்கள், வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆறு நாளும் குளிர்ந்த ரொட்டி தின்ற வாய்க்கு அது விருந்து.

திரும்பும் ரயில்

சோமூரிலிருந்து உள்ளூர் ரயிலில் தூர் அல்லது ஆன்ஜேர் போய், அங்கிருந்து அதிவேக ரயிலில் பாரிஸ் சேரலாம். சைக்கிளைக் கடையில் விட்டாயிற்று என்றால் வேறு கவலை இல்லை. சைக்கிளோடு ஏறுவதானால், உள்ளூர் ரயில்களில் பொதுவாகக் கட்டணம் கிடையாது, ஆனால் கோடைக்காலத்தில் சில தடங்களில் சைக்கிளுக்கு முன்பதிவு கட்டாயம். டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். அதிவேக ரயிலில் சைக்கிளுக்கு இடம் சிலவற்றில்தான் உண்டு, அதற்குத் தனி டிக்கெட். பாரிஸ் மெட்ரோவில் சைக்கிளை ஏற்ற முடியும் என்று நம்பி இறங்காதீர்கள்.

நடைமேடையில் நிற்கும்போதே கேரியர் பைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் நிற்பது ஓரிரு நிமிடம், பெட்டியின் படி உயரம், உள்ளே சைக்கிளைத் தூக்கிக் கொக்கியில் மாட்ட வேண்டியிருக்கும். பெட்டிக் கதவில் சைக்கிள் படம் போட்டிருக்கும் இடம் எது என்று தூரத்திலேயே பார்த்து ஓடத் தயாராக இருங்கள். தண்ணீர் பாட்டிலை மறக்காமல் எடுத்துவிட்டு மாட்டுங்கள். தலைகீழாகத் தொங்கும் சைக்கிளிலிருந்து என் பாட்டில் ஒரு பெரியவர் மடியில் விழுந்திருக்கிறது.